மதகில் கட்டிய துண்டு

நம் வீடுகளில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவர்கள் நாம். அதனால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பஸ் பலகை, மாத்திரை அட்டை, உர மூட்டை, கல்யாணப் பத்திரிகை, எது கைக்கு வந்தாலும் பெரியவர்கள் நம்மிடம்தான் நீட்டினார்கள். "இதுல என்னடா போட்டிருக்கு?" நாம் விரல் வைத்துப் படித்தோம். தப்பாகப் படித்தாலும் திருத்த ஆள் கிடையாது. அப்படி ஓர் அதிகாரம் அதற்குப் பிறகு எந்த வேலையிலும் எனக்கு வாய்க்கவில்லை. இப்போது முன்தலையில் வழுக்கை ஏறிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் ஏறியிருக்கும். நம் பிள்ளைகள் அவர்களாகவே படித்துக்கொள்கிறார்கள்.

நான் வீட்டாருக்குப் படித்துக் காட்டியவற்றில் ஒரு மர்ம நாவலும் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் நாவல் பைத்தியம். சரக்கு எடுக்கப் பேராவூரணி போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மாத நாவல் வாங்கி வருவார். கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்து முடிப்பார். முடித்ததும் தாள் தாளாகக் கிழித்துப் பொட்டலம் மடிப்பார். வீட்டில் சீரகப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒருத்தி "வீல்" என்று அலறிக்கொண்டிருப்பாள். ஏன் அலறினாள் என்பது அடுத்த வீட்டு மிளகுப் பொட்டலத்தில் இருக்கும்.

"ஒரு தடவை முழுசாக் குடுங்க பாய்" என்று கேட்டேன்.

"தர்றேன். ஆனா கொலை பண்ணுனது யாருன்னு வெளிய சொல்லிடக் கூடாது. பாதி ஊரு அடுத்த பொட்டலத்துக்குக் காத்துக்கிட்டிருக்கு. என் யாவாரம் படுத்துடும்" என்றார்.

அட்டையில் மலைமேல் ஒரு பங்களா. ஒரு பெரிய குடும்பம். என்றோ அந்த வீட்டில் நடந்த ஒரு கொலை. கொலைகாரன் இன்னும் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறான் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. பாய்க்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். தெரிந்தேதான் கொடுத்தாரா என்று நான் பிறகு கேட்டதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு கொலை இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது.

நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வழியில் உள்ள ஊர்களெல்லாம் குடித்து மிச்சம் வைத்தால்தான் எங்கள் வாய்க்காலுக்கு வரும். வாய்க்காலின் நடுவே சாலைக்கு அடியில் ஒரு குழாய். அதன் முகப்பில் மதகு. மதகுக்கு இரும்புப் பலகை; அதைத் தூக்க மேலே ஒரு திருகுக் கம்பி. ஆகாயத்தாமரையும் சேறும் குழாயை அடைத்துக்கொண்டால் பலகையை இறக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஒருவர் குழாய்க்குள் ஊர்ந்து போய் வெட்டி இழுக்க வேண்டும். அப்படி இறங்குகிறவர் தன் துண்டைத் திருகுக் கம்பியில் கட்டிவிட்டு இறங்குவார். கம்பியில் துண்டு இருந்தால் கீழே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எப்பேர்ப்பட்ட அவசரமானாலும் பலகையில் யாரும் கைவைக்க மாட்டார்கள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். இது எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆம்பிளைகள் எல்லோருக்கும் தெரியும். மதகுமேல் பெண்பிள்ளைகள் ஏறக்கூடாது என்று மட்டும் பெண்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

தாத்தாவும் அவருடைய சித்தப்பா மகனும் பங்காளிகள். வாய்க்காலுக்கு இக்கரையில் எங்கள் வீடு, அக்கரையில் அவர்கள் வீடு. ஒரு வறண்ட வருஷம். தண்ணீர் உச்சிவேளை வரை அக்கரைக்காரர் முறை, அதற்குப் பிறகு தாத்தாவின் முறை. முந்தின நாள்தான் ஊரே கேட்க இருவரும் சண்டை போட்டிருந்தார்கள். "உன்னைத் தண்ணியிலயே முக்கி எடுக்கிறேனா இல்லையா பாரு" என்று தாத்தா கத்தியிருக்கிறார். மறுநாள் உச்சியில் தாத்தா வந்து பார்த்தால் பலகை இறங்கிக் கிடக்கிறது. வேண்டுமென்றே அடைத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே தூக்கிவிட்டார். தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமும் குழாய்க்குள் பாய்ந்தது. அக்கரைக்காரர் உள்ளே இருந்தார்.

கம்பியில் துண்டு இல்லை என்றார் தாத்தா. துண்டு கட்டாமல் அவர் இறங்கவே மாட்டார், இவர்தான் அவிழ்த்து எறிந்துவிட்டார் என்றார்கள் அக்கரை வீட்டு ஆம்பிளைகள்; காலையில் துண்டோடுதான் போனார் என்றாள் அவர் மனைவி, அக்கரைச் சின்னம்மா. துண்டு கடைசிவரை கிடைக்கவில்லை. தாத்தா ஆயுள் தண்டனைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் பெண்டாட்டி உயிரோடு இல்லை. மகனுக்குக் கல்யாணம் ஆகி நானும் பிறந்திருந்தேன். மகள், அதாவது என் அத்தை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு வழக்கம் வந்தது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வருகிற அன்று ஊரே மதகுக்குப் போகும். மஞ்சள், பூ, வெல்லம் கலந்த அரிசி எல்லாம் எடுத்துப் போவார்கள். எங்கள் வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளும். அப்பாதான் தாழ்ப்பாள் போடுவார். வெளியே பிள்ளைகள் தண்ணீருக்கு முன்னால் ஓடுகிற சத்தம் கேட்கும். நான் சன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்பேன். துருவின் ருசி இப்போதும் உதட்டில் இருக்கிறது.

நான் நாவல் படித்த அந்த வருஷம் தண்ணீர் தாமதம். வாய்க்கால் தரை வெடித்து, சேற்றுப் பொருக்கு அப்பளம் போல ஓரம் மடங்கிக் கிடந்தது. செய்வதற்கு வேலை இல்லாததால் சாயங்காலங்களில் எல்லோரும் புங்கமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். அங்கேதான் தாத்தாவின் கயிற்றுக் கட்டில். அவருக்கு இழுப்பு. படுத்தால் மூச்சு விசில் அடிக்கும். தலைக்கு ஒரு துணிச் சுருளை வைத்திருப்பார். சிறையிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அழுக்கேறி என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. யாரையும் துவைக்க விடமாட்டார். எண்ணெயும் பீடிப்புகையும் வேப்பெண்ணெயும் சேர்ந்த ஒரு வாடை அதில் அடிக்கும். கட்டிலில் அவர் வாய்க்காலுக்கு முதுகு காட்டித்தான் படுப்பார்.

நான் படிக்க, அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுச் சித்தி மூவரும் கேட்பார்கள். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம்தான். அது அத்தை போட்ட சட்டம். "மொத்தமாத் தின்னா வயித்து வலிதான் வரும்" என்பாள்.

"நான் சொல்றேன் பாரு, அந்தச் சமையக்காரன்தான்" என்பாள் சித்தி. "சதா கத்தியும் கையுமா இருக்கான்."

"அப்படின்னா நீயும்தான் சதா அருவாமனையோட இருக்கே" என்பாள் அம்மா.

"என் வீட்டுக்காரரு இன்னும் உசுரோடதானே இருக்காரு?"

"அதுதான் எங்களுக்கும் ஆச்சரியமா இருக்கு."

சிரிப்பு அடங்கியபின் மறுபடி படிப்பேன். அத்தை மட்டும் யார் பெயரையும் சொல்ல மாட்டாள். முருங்கைக் கீரையை உருவுகிற கை சில இடங்களில் நின்றுபோகும். அப்புறம் வெறும் காம்பையே உருவிக்கொண்டிருப்பாள். கொலைக் கதைக்குப் பயப்படுகிறாள் என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாவலில் ஒரு சின்னப் பெண் வந்தாள். கொலை நடந்த அன்று அவள் மாடிப்படியில் நின்றிருந்தாள் என்று ஓர் அத்தியாயம் முடிந்தது.

சித்தி தொடையில் தட்டினாள். "கெட்டிக்காரி! அந்தப் பொட்டப்புள்ளதான்டி. பால் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு எல்லாம் அது பண்ணுன வேலை."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாத்தா எழுந்து உட்கார்ந்திருந்தார். நாவல் தொடங்கிய நாளிலிருந்து அவர் கேட்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியாது.

"அந்தப் புள்ளய ஏன்டி இழுக்கிறீங்க? அதுக்கு என்ன தெரியும்? பச்சப்புள்ள! போங்கடி, எந்திரிச்சுப் போங்க!"

இழுப்பு வந்து முகம் நீலம் பாய்ந்தது. அம்மா தண்ணீருக்கு ஓடினாள். சித்தி, "கதைதானே மாமா... கதைதானே..." என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். அத்தை எழுந்திருக்கவில்லை. தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. அரிசிப் பானைக்குள் அதைப் போட்டு மேலே முறத்தை வைத்து மூடினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மரத்தடியில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். அத்தை தாத்தாவின் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மாட்டுக்கொட்டகைப் பக்கமாக வந்ததால் என்னைக் கவனிக்கவில்லை.

"நீ கொலைகாரனாவே போயிடுவியாப்பா?"

"போறேன். இப்ப என்ன? பாடையில எழுதி ஒட்டவா போறாங்க?"

"பங்காளி வீட்டுலேருந்து ஒருத்தன் தோள் குடுக்க வரமாட்டான். நாலு பேரு வேடிக்கை பார்க்க நீ போவே. நான் பார்த்துக்கிட்டு நிக்கணும்."

"நீ நல்லா நிக்கணும்னுதான் ஆத்தா நான் உள்ள போனேன்."

"நான் எங்க நின்னேன்ப்பா?"

தாத்தாவின் மூச்சு விசில் அடித்தது. "சத்தியம் பண்ணியிருக்க" என்றார்.

"பத்து வயசுல பண்ணுனது."

"பண்ணுனது பண்ணுனதுதான்."

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. தாத்தா செத்துவிடுவார் போலிருக்கிறது, அத்தை அதற்காகச் சண்டை போடுகிறாள் என்று மட்டும் புரிந்தது. கடைசி அத்தியாயம் அரிசிப் பானைக்குள் கிடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆடி பிறந்தபின் ஒரு காலையில் தண்ணீர் வந்தது. முதலில் கொக்குகள் வந்தன. மேற்கே வாய்க்கால் வளைவில் அவை இறங்குவதைப் பார்த்ததும் பிள்ளைகள் "தண்ணி வருது! தண்ணி வருது!" என்று கத்தத் தொடங்கினார்கள். அப்பா வழக்கம்போல மாட்டைக் கட்டிவிட்டு வந்து தாத்தாவைக் கட்டிலோடு உள்ளே சேர்த்தார். கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதேண்ணே" என்றாள் அத்தை.

தலைக்குக் குளித்திருந்தாள். ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு நேராகத் தாத்தாவிடம் போனாள். அவர் தலையைக் குழந்தையின் தலையைத் தூக்குவது போல ஒரு கையால் தூக்கி, மறு கையால் அந்தத் துணிச் சுருளை உருவினாள். தாத்தா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் வலு இல்லை.

"வேணாம் ஆத்தா. வேணாம்."

அவள் கையை விடுவித்துக்கொண்டு வாசல் தாண்டிப் போய்விட்டாள். அப்பா தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றார். அந்த இடைவெளியில் நான் ஓடினேன். எனக்கு விவரம் தெரிந்து தண்ணீர் வரும் நாளில் நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

மதகைச் சுற்றி ஊர் நின்றது. அப்போதுதான் குழாயைச் சுத்தம் செய்துவிட்டு அக்கரைச் சின்னம்மாவின் மகன் வெளியே வந்து, சேற்றுக் கையோடு தன் துண்டைக் கம்பியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்து சேர்ந்தது. நீங்கள் நினைக்கிறபடி பொங்கிக்கொண்டு அல்ல. சருகும் நுரையும் செத்த நத்தையும் தள்ளிக்கொண்டு, வெடிப்புக்குள் இறங்கி இறங்கிக் குமிழி விட்டு, ஒரு கிழட்டு நாயைப் போல மோப்பம் பிடித்தபடி வந்தது. மண் வாசனை குப்பென்று எழுந்தது. இறங்கியிருந்த பலகையில் வந்து முட்டித் தேங்கத் தொடங்கியது. பெண்கள் பூவைப் போட்டார்கள்.

"தூக்குப்பா பலகைய" என்று யாரோ சொன்னார்கள்.

அத்தை மதகுமேல் ஏறினாள்.

"ஏய், பொம்பளை ஏறக்கூடாது! இறங்கு புள்ள!" என்று ஆம்பிளைகள் கத்தினார்கள். அவள் துணிச் சுருளைப் பிரித்தாள். உள்மடிப்பில் இன்னும் நிறம் போகாமல் இருந்தது. சிவப்புக் கரை போட்ட துண்டு. அதைத் திருகுக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

பலகையைத் தூக்க வந்தவர் கையை எடுத்துவிட்டார். அந்த வழக்கம் அப்படி. துண்டைப் பார்த்தபின் யாராலும் கைவைக்க முடியாது. தண்ணீர் பலகைக்குப் பின்னால் ஏறிக்கொண்டே இருந்தது.

"கீழ யாருமில்ல புள்ள. இப்பதான் அவன் வந்துட்டானே" என்றார் ஒருவர் தணிந்த குரலில், பைத்தியத்திடம் பேசுவது போல.

"இருக்காரு" என்றாள் அத்தை. "சித்தப்பா இருக்காரு. அவரு இன்னும் வெளிய வரல."

அக்கரைச் சின்னம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அத்தை அவளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"வயலுக்குக் கஞ்சி கொண்டுவந்தேன் சின்னம்மா. அப்பா தூரமா வரப்பு வெட்டிக்கிட்டிருந்தாரு. தூக்குவாளிய மரத்தடியில வச்சுட்டுத் திரும்பயில இந்தக் கம்பியில துண்டு கட்டியிருந்துச்சு. எங்கப்பா எப்பப் பார்த்தாலும் துண்டைப் போட்ட இடத்துல மறந்துட்டு வருவாரு. பொறுக்கிட்டு வர்றதுதான் எனக்கு வேலை. பொங்கலுக்கு ரெண்டு வீட்டுக்கும் ஒரே கடையில ஒரே மாதிரி எடுத்தது. எங்கப்பாவோடதுன்னு நெனச்சு அவுத்துட்டேன். வீட்டுல தொவச்சுக் காயப் போட்டேன். சாயங்காலம் போலீசு வர்றதுக்கு முன்னாடி எங்கப்பா கொடியில பார்த்தாரு. அவரோட துண்டு அவரு தோள்லயே கெடந்துச்சு. எதுவும் கேக்கல. கொடியிலேருந்து எடுத்துத் தலையில கட்டிக்கிட்டாரு. 'இது என்னோடதுதான் ஆத்தா, வாயத் திறக்காத'ன்னு சத்தியம் வாங்கிட்டு அதோடயே போயிட்டாரு."

பலகையின் விளிம்பில் தண்ணீர் வழிந்து விழத் தொடங்கியிருந்தது.

சின்னம்மா மதகுமேல் ஏறினாள். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. அத்தையை அறையப் போகிறாள் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் குரல் ஆம்பிளைகள் பக்கமாகப் போனது.

"ஏன்டா, மதகுல ஏறாத ஏறாதன்னு பொட்டப்புள்ளங்களுக்குச் சொன்னீங்களே. துண்டு கெடந்தா என்ன அர்த்தம்னு ஒருத்தனாவது சொல்லிக் குடுத்தீங்களா? பத்து வயசுப் புள்ளைக்கு எவன்டா சொன்னான்? எனக்கு எவன் சொன்னான்? அந்த மனுசன் செத்த பெறகு கோர்ட்டுல கேட்டுத்தானே நானே தெரிஞ்சுக்கிட்டேன்!"

ஆம்பிளைகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அத்தை பக்கம் திரும்பினாள். "நீ அவுத்ததுக்கு நான் என்னடி சொல்லட்டும். அது உன் வயசு. ஆனா இம்புட்டு நாளு சொல்லாம இருந்தீங்க பாரு அப்பனும் மகளும், அதுக்கு என் மனசு ஆறாது. ஆறும்னு எதிர்பார்க்காத."

"எதிர்பார்க்கல சின்னம்மா."

சின்னம்மா அந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அத்தை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்ததால் வெகுநேரம் ஆனது. உதவி செய்ய ஒருவரும் கை நீட்டவில்லை, நீட்டியிருக்கவும் கூடாது. அவிழ்த்ததும் துண்டை முகத்தில் வைத்துப் பார்த்தாள். தன் வீட்டு வாசனை அதில் மிச்சம் இருந்திருக்க வழியில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகுதான் பலகையைத் தூக்கினார்கள்.

தாத்தா அத்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நாம் வாசிக்கிற கதைகளில் உண்மை வெளிப்பட்டால் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. "உள்ள இருந்ததெல்லாம் வீணாப் போச்சு" என்று அவர் கூரையைப் பார்த்துச் சொல்வார். மகள் நல்ல இடத்தில் வாழ்வாள் என்று நினைத்து அவர் உள்ளே போனார். அவள் இங்கே தனக்குத்தானே ஒரு ஜெயில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கும் இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது. தாத்தா செய்தது தப்பு என்று எனக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் நான் வேறு என்ன செய்திருப்பேன் என்று மட்டும் தெரியவில்லை.

அப்பா கட்டிலை மறுபடி மரத்தடிக்குக் கொண்டுவந்து போட்டார். அதுவரை தாத்தாவுக்குத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர், அன்றிலிருந்து அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

ஒரு சாயங்காலம் தாத்தா என்னைக் கூப்பிட்டார். "அந்தப் புஸ்தகத்தை எடுத்தாடா. யாருன்னு தெரிஞ்சிடட்டும்."

அரிசிப் பானையிலிருந்து எடுத்தேன். தாள்களில் அந்துப்பூச்சி ஓடியிருந்தது. அம்மா, சித்தி, கொஞ்சம் தள்ளி அத்தை. கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தேன். கொலை செய்தவர் குடும்ப டாக்டர். அதுவரை இரண்டே பக்கங்களில்தான் வந்திருந்தார்.

"டாக்டரா?" என்றாள் சித்தி. "இது என்ன அநியாயம்! இதுக்கா இத்தனை நாளு உக்கார்ந்து கேட்டேன்?"

தாத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இழுப்பாகி, இழுப்பு அடங்க நேரமாயிற்று. தலைக்கு ஒன்றும் இல்லாமல் கயிற்றில் தலை வைத்துப் படுத்தவர், எதனாலோ அன்று வாய்க்கால் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

வாய்க்காலில் கரைதொட்டுத் தண்ணீர் போனது. அக்கரையில் சின்னம்மா வீட்டு வேலிமேல் துவைத்த துணிகள் கிடந்தன. நடுவில் அந்தத் துண்டு. வெளுத்து, சிவப்புக் கரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. காற்றில் ஒரு முனை தூக்கித் தூக்கி விழுந்தது.

அத்தை எழுந்துவிட்டாள். பழைய பழக்கம்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கரையைப் பார்த்ததும் கால் தானாக இரண்டு அடி வைத்துவிட்டது.

"எங்க போற?" என்றார் தாத்தா. மதகு நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

அவள் நின்றாள்.

"அது நம்மளது இல்ல ஆத்தா" என்றார். "அவனோடது. காயட்டும்."